வெயில் வேண்டும் சீனியா



கிளிநொச்சி நகருக்கு அண்மையிலுள்ள உருத்திரபுரம் எனது ஊர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி எழுந்த குடியேற்றக் கிராமங்களுள் அதுவும் ஒன்று. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் இலக்கத்தைக் கொண்டே இடத்தைச் சுட்டுவது எங்கள் வழக்கம். அத்தகைய ஊரிலிருந்து வந்தவன் நெல்லைப் பற்றிப் பேசினால் எவரும் வியப்படையமாட்டார்கள். நானோ சமையலுக்கு உதவாததும் மணம் அற்றதுமான ஒரு பூவைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். சீனியா என்பது அதன் பெயர்.

நேயர்களிற் பலர் இதனைப் பெயர் அறியாமலே பார்த்திருத்தல் கூடும். முழங்காலளவு முதல் இடுப்பளவு வரை நிமிர்ந்து வளரும் செடி. சொரசொரப்பான இலைகள் தண்டிலே இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு பூ. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், ஊதா, வெள்ளை, இளம்பச்சை எனப் பல நிறங்களில் உண்டு. நீலம் மட்டும் இல்லை.

ஒரு பூ என்று நான் சொன்னது பேச்சு வழக்கு. சூரியகாந்தி, செவ்வந்தி, வரம்போரத்திலே தானாக முளைக்கும் மூக்குத்திப்பூண்டு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது சீனியா. இக்குடும்பத்தில் நாம் பூவென்று பறிப்பது உண்மையில் ஒரு பூங்கூட்டம். நடுவிலுள்ள பொட்டில் நுண்ணிய சிறுபூக்கள் நெருங்கி நிற்கின்றன. சுற்றிலும் நாம் இதழென்று எண்ணுகின்ற ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு பூவாகும். வகுப்பில் ஒரு பூவைப் பிரித்து, பூதக்கண்ணாடி ஒன்றையும் கொடுத்து எண்ணச் சொன்னால், பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுவதும் ஓசையின்றி இருப்பார்கள். அதிபர் ஒருவருக்கு இதுவும் ஒரு பயனே.

மெக்சிக்கோ நாடு இதன் தாயகம். ஜெர்மனியிலே கெற்றிங்கன் நகரின் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த யோகான் கொட்பிரீட் சின் என்பவரின் பெயரை லின்னேயசு இதற்குச் சூட்டினார். சின் ஒரு வைத்தியப் பேராசிரியர். கண்ணின் அமைப்பை ஆராய்ந்து 1755இல் நூல் எழுதியவர். 1759இல், முப்பத்திரண்டு வயது நிரம்புமுன்னரே காலமானார். கண்ணை ஆராய்ந்தவரின் பெயர் கண்ணைப் பறிக்கும் ஒரு பூவுக்கு வாய்த்தது.

நிற்க. வளர்க்கும் முறைக்கு வருவோம்.

சீனியா முதலில் வேண்டுவது வெயில். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் அதன்மேல் விழவேண்டும். மாமரத்தின் கீழ் நட்டால் தண்டு நீண்டு மெலிந்து சாய்ந்துவிடும், பூவும் அரிதாகும். வன்னியிலே வெயிலை நாம் தேடிப் போகவேண்டியதில்லை. எதை வைத்தாலும் கருகுகின்றது என்று நீங்கள் கைவிட்ட முற்றத்து மூலை ஒன்று இருக்குமாயின், அதுவே இதற்குத் தகுந்த இடம்.

அடுத்தது காலம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கின்ற மாரி மழையே எமக்கு ஆண்டின் பெருமழை. அந்நாட்களில் இதனை விதைத்தல் ஆகாது. இதை நான் நூலிற் படித்தும் கேளாதவன். 2018ஆம் ஆண்டு கார்த்திகையில், மண் பதமாக இருக்கின்றதே என்ற ஆசையினால் பாடசாலைப் பாத்தியிலே விதைத்தேன். முளைத்தவற்றிற் பாதி அழுகிற்று. எஞ்சிய பாதியை டிசெம்பரில் வந்த வெள்ளம் கொண்டுபோயிற்று. அவ்வெள்ளத்தில் மாவட்டத்து மக்கள் வீடும் வயலும் கால்நடைகளும் இழந்து நின்றபோது, பூப்பாத்தி போனதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

ஆகவே தைப்பொங்கல் கழியட்டும். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மட்டும் நிற்கும் அவ்வேளையில் விதையுங்கள். நான்கு நாள் தொடக்கம் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். எட்டு அல்லது பத்து வாரத்திற் பூக்கும். பங்குனியில் முதற்பூ, சித்திரைப் புத்தாண்டுக்கு முற்றம் நிறைந்திருக்கும்.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நீர் தேங்கக்கூடாது, அவ்வளவே. வயல் மண்போன்ற களியாயின் பாத்தியைச் சற்று உயர்த்தி, மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்து கொத்திவிடுங்கள். எருவை அள்ளிக் கொட்டினால் இலை செழிக்கும், பூ குறையும். விதையைக் கால் அங்குல ஆழத்தில் இட்டு மெல்லிதாக மண் தூவினாற் போதும். பூக்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று; பிடுங்கி நடும்போது இதன் வேர் துன்பப்படும். முளைத்த பின் செடிக்குச் செடி ஓரடி இடைவெளி இருக்குமாறு நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள்.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பிள்ளைகள் இதற்கு எளிதில் உடன்படுவதில்லை. நட்டதைக் கிள்ளுவதா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒரு வரிசையைக் கிள்ளி, மறு வரிசையை அப்படியே விட்டுவிடுவேன். இரண்டு மாதத்தில் ஒரு வரிசை ஐந்தாறு கிளைகளோடு நிற்கும். மற்றது ஒற்றைத் தண்டோடு நிற்கும். அடுத்த ஆண்டு அவர்களே கிள்ளுவார்கள்.

இனி, இச்செடியைக் கெடுக்கும் வழி எதுவென்று சொல்கிறேன். அதனை நான் முழுமையாகக் கற்றவன். 2012ஆம் ஆண்டு எங்கள் பாடசாலையில் முதன்முதலாகச் சீனியா விதைத்தோம். முளைத்த ஒன்றையும் அகற்ற மனமின்றி நெருக்கமாகவே வளரவிட்டோம். அயலிலுள்ள பிள்ளைகள் நாள்தோறும் மாலையில் வந்து வாளி வாளியாக இலைமேல் ஊற்றினார்கள். நானும் அந்த ஊக்கத்தைக் கண்டு மகிழ்ந்திருந்தேன். சில வாரங்களில் இலைகளிலே செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. பின்னர் திருநீறு பூசினாற்போல வெண்தூள் படர்ந்தது. இரண்டும் பங்கசுகளால் வரும் நோய்கள். நெருக்கமும், காற்றோட்டமின்மையும், இரவெல்லாம் இலையில் நின்ற ஈரமும் அவற்றுக்கு விருந்தாயின. காலை வேளையில், வேரடியில் மட்டும், மண் காய்ந்த பின்னரே நீர் விடவேண்டும் என்பதை அன்று அறிந்தோம்.

இப்பிழை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டின் இறுதியில் சர்வதேச விண்வெளி நிலையத்திலே சீனியா வளர்த்தார்கள். அங்கும் ஈரம் மிகுந்து இலைகள் சுருண்டன, பூஞ்சணம் பிடித்தது. காற்றாடியை வேகமாக்கினார்கள். பூமியிலிருந்து வந்த அட்டவணைப்படி நீர் விடுவதை நிறுத்தி, செடியை நேரிற் பார்த்து முடிவு செய்யும் உரிமையை விண்வெளி வீரர் ஸ்கொட் கெலி கேட்டுப் பெற்றுக்கொண்டார். சில செடிகள் மடிந்தன. எஞ்சியவை 2016 ஜனவரியில் பூத்தன. அந்தப் படத்தை அலுவலக அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அட்டவணை தயாரிப்பதில் எனக்கும் ஆர்வம் உண்டு. அதனால் அது கண்ணிற்படும் இடத்தில் இருப்பது நல்லது.

நீரைப் பற்றிப் பேசும்போது ஒரு கூட்டம் நினைவுக்கு வருகின்றது. 2017ஆம் ஆண்டின் வரட்சியில் பாடசாலைக் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்த காலம். பெற்றோர் கூட்டத்தில் வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் எழுந்து, “பூவைத் தின்னலாமோ, அதிபர்? பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை” என்றார். அவருடைய வயல் அந்தச் சிறுபோகம் விதைக்கப்படவேயில்லை. அவர் கேட்டது நியாயம். கிணற்று நீரை இனிப் பாத்திக்கு விடுவதில்லை என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

ஆனால் மதிய உணவின் பின் பிள்ளைகள் கைகழுவும் நீர் வெறுந்தரையில் ஓடிக்கொண்டிருந்தது. சவர்க்காரம் கலவாத அந்நீரை ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, ஒரேயொரு வரிசைக்குத் திருப்பினோம். மற்ற வரிசைகளைக் காயவிட்டோம். வேரூன்றிய சீனியாவுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஆழ நனைத்தாற் போதும். வேரடியில் வைக்கோல் பரப்பினால் இன்னும் தாங்கும். அந்த ஒரு வரிசை ஆவணி வரை பூத்தது. கேள்வி கேட்ட பெரியவர் ஒரு கட்டு வைக்கோலைச் சைக்கிளில் கொண்டுவந்து வாசலிலே போட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

நோயைக் காட்டிலும் பெரிய பகை கட்டாக்காலி மாடுகள். அவற்றை அடுத்து மயில். மயில் விதையையும் பொறுக்கும், முளையையும் கொத்தும். வேலியைச் செப்பமாக அடைத்து, முளை நான்கு இலை விடும்வரை பாத்தியின் மேல் முட்கிளைகளைப் பரப்பி வையுங்கள்.

பூவைச் சாடியில் வைக்க விரும்புவோர் ஒரு சோதனை செய்யலாம். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள். தலை தொய்ந்து ஆடினால் அது இன்னும் முதிரவில்லை. விறைப்பாக நின்றால் வெட்டலாம், நீரில் ஒரு வாரம் நிற்கும். வாடிய தலைகளை அவ்வப்போது வெட்டி எறிந்தால் செடி மீண்டும் மீண்டும் பூக்கும். விதைக்கென்று சிலவற்றை மட்டும் விட்டுவையுங்கள்.

அந்த விதையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல எண்ணினேன். எங்கள் வீட்டிலே கிணற்றடிப் பாதையின் இருமருங்கும் அம்மா சீனியா வளர்த்தார். விதையைப் பால்மாப் பேணி ஒன்றில் இட்டு, அடுப்படிக் கூரையின் கீழ்ச் செருகி வைப்பார். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். எடுத்துச் செல்ல வேண்டியவை எவை என்று எண்ணிப் பார்த்த வேளையில் பேணி எவர் நினைவிலும் வரவில்லை. 2010இல் நான் மட்டும் திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, அடுப்படியும் இல்லை. கிணற்றடி பற்றைக்காடாகக் கிடந்தது. சீனியா ஓராண்டுச் செடி. விதைப்பார் இல்லையேல் பற்றைகளுக்கு நடுவே தானாக நின்று பிழைக்காது. அயலில் விசாரித்தேன். எல்லார் முற்றமும் அப்படியே இருந்தது.

மறு ஆண்டு, பத்தாம் வாய்க்காலைச் சேர்ந்த ஒரு மூதாட்டி பேரப்பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வந்தார். சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சு. அவிழ்த்து என் மேசைமேல் வைத்தார், சீனியா விதை. “இது உங்கட அம்மா தந்த விதை, தம்பி” என்றார். முன்னொரு காலத்தில் அம்மாவிடம் வாங்கியதை, மணமாகி வவுனியாவுக்குப் போன மகளுக்கும் அவர் கொடுத்திருந்தார். மகளின் முற்றத்தில் அது இடையறாது பூத்துக்கொண்டிருந்தது. 2012இல் நாங்கள் நீர் ஊற்றிக் கெடுத்தவை அந்த விதையிலிருந்து வந்த செடிகளே. நல்லவேளையாகப் பாதி விதையைத்தான் அவ்வாண்டு விதைத்திருந்தோம்.

விதை எடுக்கும் முறை இது. பூத்தலை முழுவதும் பழுப்பாகி, காம்பும் காய்ந்த பின் மழையற்ற நாளிற் பறியுங்கள். நிழலிலே தாளின்மேல் ஒரு வாரம் உலரவிட்டுக் கையால் உதிர்த்தால், காய்ந்த இதழ்களின் அடியில் அம்பின் முனைபோன்ற தட்டையான விதை வரும். கடையில் வாங்கிய கலப்பின விதையாயின் அடுத்த தலைமுறை தாயைப் போல இராது; பழைய நாட்டுவிதையிலும் தேனீக்களின் உதவியால் நிறம் மாறி வருவதுண்டு. அம்மாவின் பாத்தியில் இருந்தது ஆழ்ந்த சிவப்பு. இப்போது எங்களிடம் சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கலந்தே பூக்கின்றது. நன்கு உலர்ந்த விதை மூன்று ஆண்டுகளேனும் முளைக்கும்.

ஆண்டுதோறும் தவணை முடிவில் எங்கள் பிள்ளைகள் பழைய கொப்பித் தாளில் உறை செய்து, ஆளுக்கு இருபது விதை இட்டு, மேலே ஆண்டையும் மாதத்தையும் எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு உறைகள். ஒன்று வீட்டுக்கு. மற்றது உருத்திரபுரத்துக்கு வெளியே வேறோர் ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்புவதற்கு.