விடியட்டும் என்று சொல்வது யார்?

நடுராத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. கணவர் வெளியூரில். 'விடியட்டும், பார்க்கலாம்' என்கிறார் மாமியார். வலிப்பவளின் கையில் காசும் இல்லை, பேச்சுக்கு மதிப்பும் இல்லை. தாய்மார்கள் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதினார்கள். வழியில் ஆகும் தாமதமும் ஆஸ்பத்திரிக்குள் ஆகும் தாமதமும் பிறகுதான். முதல் தாமதம், போகலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள் முடிவெடுப்பதில்.

அந்த முடிவில் பெண்களுக்கும் பங்கு கிடைக்க வழி உண்டா? நேபாளத்தில் மக்வான்பூர் என்று ஒரு மலை மாவட்டம். அங்கே ஓர் ஆய்வுக்காகச் சில பகுதிகளில் உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை மற்ற பெண்களைக் குழுவாகக் கூட்டினார். பாடம் நடத்த அல்ல. பட அட்டைகளை வைத்துக்கொண்டு, பேறுகாலத்தில் தங்களுக்கு என்ன தொல்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று பெண்களே பேசினார்கள். அவசரத்துக்குப் பொதுப்பணம் சேர்த்தார்கள். தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. கையில் பணம் இருந்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாமே!

குழு இருந்த பகுதி, இல்லாத பகுதி என்று பார்க்காமல் சுகாதார நிலையங்களை எல்லா இடங்களிலுமே மேம்படுத்தினார்கள். ஆனாலும் 2004-இல் வெளியான ஆய்வு முடிவில், குழு இல்லாத பகுதிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 37 குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் இறந்திருந்தன. குழு இருந்த இடங்களில் 26. அங்கே கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் போன பெண்களும் அதிகம்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், எந்த ஆஸ்பத்திரி, யார் துணை என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். செலவுப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவையுங்கள்.