சூடாமணி விகாரம்



துறவிகள் வாழும் ஒரு பள்ளி எதனால் நிலைபெறுகிறது? செங்கல்லாலா? கட்டியவனுடைய பெருமையாலா? நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தின் வரலாற்றைப் படிக்குந்தோறும் என் உள்ளத்தில் இக்கேள்வி எழுவதுண்டு.

மேலைநாட்டில், கி.பி. 910-இல் அக்விட்டேன் கோமகன் வில்லியம் என்பான் க்ளூனி மடத்தை நிறுவினான். நிலம் தந்தவனும் அவனே. அவனுடைய சமயமும் மடத்தின் சமயமும் ஒன்றே. நம் காவிரி நாட்டில் நிகழ்ந்ததோ வேறு. கடல் கடந்த ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் நாகையில் பௌத்தப் பள்ளி ஒன்றை எடுப்பிக்கத் தொடங்கினான். மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தை பெயரால் அதனை முடித்தான். அதற்கு நிலம் அளித்தவனோ, தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய சைவனாகிய முதலாம் இராசராசன்!

1006-ஆம் ஆண்டளவில் அவன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பெண் யானையை நடத்தி ஊரின் எல்லை வகுத்தனர். நிலம் 97 வேலிக்குச் சற்று மிகுதி. அரசனுக்குச் சேரவேண்டிய 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் ஆண்டுதோறும் பள்ளிக்குச் சேர்ந்தது. துறவிகளின் உணவும் வழிபாடும் நம் உழவர் விளைத்த அந்நெல்லால் நடந்தன.

தந்தை வாய்மொழியாக இட்ட ஆணையை மகன் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். அவ்விராசேந்திரனே 1025-இல் கடாரத்தின்மேல் படை செலுத்தினான். ஆயினும் அறம் அழியவில்லை. 1090-இல் கடாரத்தரசனின் தூதர் வேண்ட, முதற் குலோத்துங்கன் பள்ளிக்குரிய ஊர்களின் உரிமையை மீண்டும் செப்பேட்டில் உறுதி செய்தான். இடையே மூண்ட போர், கொடுத்த சொல்லை மாற்றவில்லை.

காலம் மாறியது. அப்பழம் பௌத்தப் பள்ளிகளின் எச்சமென அறிஞர் கருதும் மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்று நாகையில் நின்றது. 1867-இல் அரசின் இசைவோடு அதனை இடித்தனர். மண்ணுக்குள்ளிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஆனைமங்கலச் செப்பேடுகளோ டச்சு நாட்டை அடைந்து, லெய்டன் பட்டயங்கள் எனப் பெயர் பெற்றன.

செங்கல் நிற்கவில்லை, கொடுத்த சொல்லே இன்றும் நிற்கிறது. தன் சமயம் அல்லாததற்கும் அறம் செய்த நாட்டில் பிறந்த நாம், எஞ்சியுள்ள பழஞ்சின்னங்களையேனும் இடிபடாமல் காத்தல் வேண்டும். அதனை உங்கள் கையிலேயே ஒப்படைக்கிறேன்.