கதாநாயகனும் கம்பளி நூலும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கதை வாசித்தால் வாலிபர் கெடுவர் என்று கொக்குவிற் பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்களை மறுத்துரைக்க நாம் எழவில்லை. கதைகளில் உலவும் குறையற்ற வீரன் யார் பெற்ற பிள்ளை என்பதையே ஆராய எண்ணினோம்.

எட்டாம் வகுப்பிலே நாமும் ஒரு கதை எழுதினோம். கதாநாயகன் கொக்குவிலான். ஏழு பாஷை அறிந்தவன். கடற்கொள்ளைக்காரர் பதின்மரைத் தனியே கட்டிப்போட்டவன். அவனுக்கு எமது பெயரையே சூட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அத்தவணையில் எமக்குக் கணிதத்திற் கிடைத்த புள்ளி 29.

இவ்வாசை எமக்கு மட்டும் உரியதன்று. சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன், பின்னர் தம்மையே துப்பறியும் வீரராகத் தம் கதைகளிற் புகுத்தினார். மேல்நாட்டார் இத்தகைய பாத்திரத்தை 'மேரி சூ' என்பர். 1973இல் பௌலா ஸ்மித் என்னும் அமெரிக்கப் பெண்மணி, 'ஸ்டார் ட்ரெக்' இரசிகர்கள் எழுதிய கதைகளைக் கேலிசெய்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் வரும் மேரி சூவுக்குப் பதினைந்தரை வயது. விண்கலப் படையில் எல்லாரினும் இளைய அதிகாரி. அவள் இறக்க, பெரிய வீரரெல்லாம் அழுகின்றனர். காலப்போக்கில் அப்பெயர் பெண்பிள்ளைகளின் எழுத்தின்மேலேயே பெரிதும் வீசப்பட்டது. இது நீதியா? ஆண்பிள்ளைகளின் வீரரைப் பார்த்து அவ்வளவு சிரித்தாரில்லையே!

வந்தியத்தேவனைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிற் சாசனம் அவனைக் குந்தவையின் கணவன் என்கிறது. வரலாறு அவனைப்பற்றி அதிகம் பேசவில்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதிய கல்கி, அவ்வெற்றிடத்தை எமது ஆசைகளால் நிரப்பினார். ஆயினும் அவன் அவசரக்காரன், அகப்படுவான், பொய்சொல்லித் தப்புவான். பூங்குழலி படகு வலித்திராவிட்டால் ஈழத்துக் கரையைக் கண்டிருப்பானா? குற்றமற்ற அருள்மொழியை வணங்குகிறோம், வந்தியத்தேவனுடன்தான் குதிரையேறுகிறோம்.

மிஷன் பாடசாலை நூலகத்தில் எமக்கு அகப்பட்ட இன்னொருவர் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். 1930இல் நாவலுக்குள் வந்த கிழவி. பின்னல் ஊசியும் நூலுமாய் ஒரு மூலையில் இருப்பார், எவரும் பொருட்படுத்தார், கொலைகாரன் அகப்படுவான். எமது அம்மம்மாவுக்கு இவரைப் பெரிதும் பிடிக்கும். அவரும் மிஷன் பெண்கள் பாடசாலையிற் பின்னல் பழகியவர். சித்திரை வெயிலில், வியர்வை வழிய, கனடாவிலுள்ள பேரப்பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி பின்னுவார்.

பின்னலிலும் இவ்வாசை உண்டு. 1974இல் 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்காகப் பிகோனியா போப் என்பவரிடம் கழுத்துச்சால்வை பின்னும்படி பல நிற நூல் கொடுக்கப்பட்டது. அவரோ கொடுத்த நூல் முழுவதையும் பின்னி முடித்துவிட்டார்! சால்வை நிலத்தில் இழுபட்டது. அதையே வீரனுக்கு அணிவித்தார்கள். பின்னர் எத்தனையோ இரசிகர்கள் கண்ணி எண்ணி, நிறம் பார்த்து, அதேபோற் பின்னித் தம் கழுத்திற் சுற்றிக்கொண்டனர். எமது கதையைவிட அது நேர்மையான வேலை என்போம், கைநோகச் செய்தார்களல்லவா?

எமது கதையை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: "உவன் ஒருநாளாவது கிணத்தில தண்ணி அள்ளினவனோ?"

இல்லை என்றோம்.

"அப்ப உவன்ரை தாய்க்கு ஆர் அள்ளிக் குடுத்தது?"

சொல்லிக்கொண்டே, விட்டுப்போன ஒரு கண்ணிக்காக இரண்டு வரிசையை அவிழ்த்தார்.

கதையைத் திரும்ப எழுதத் தொடங்கினோம். இம்முறை கயிறறுந்து வாளி கிணற்றுள் விழுந்தது. கடற்கொள்ளைக்காரரை வென்றவன் பாதாளக்கரண்டி இரவல் கேட்டு அயல்வீட்டு வேலியடியில் நிற்கிறான். கதை இன்னும் அங்கேதான் நிற்கிறது.