யோகாப்பியாசமும் மனவூன்றுதலும்
(பூந்தமல்லியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யோகாப்பியாசத்தின் நன்மைகளை இக்கூட்டத்தில் விரித்துரைக்க வேண்டுவதில்லை; அவற்றை அறியாதார் இங்கு எவருமிலர். அறிந்திருந்தும் நாம் அதனைத் தொடர்ந்து செய்யாதிருப்பது ஏன் என்பதே இன்று நாம் பேசப் புகும் விஷயம்.

ஐக்கிய நாடுகள் சபை 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜூன் 21-ஐ யோக தினமாக அறிவித்தது. 2015 முதல் அது உலகெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாளில் நம் சங்க மண்டபத்திலும் பாய் விரிக்க இடமிராது. ஆடி பிறந்ததும் பாதிப்பேரைக் காணோம். ஆவணியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சி வருவோரிடத்தும் ஒரு குறையுண்டு. அதனை நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம். உடல் ஆசனத்தில் இருக்கும். உள்ளமோ கடைக்கணக்கிலும் காரியாலயத்திலும் திரியும். கைப்பேசி சிணுங்கினால் கண்ணும் அங்கே ஓடிவிடும்.

நிற்க. இவ்விஷயத்தில் நம்மூரார்க்கு வழிகாட்டி வெளியூரிலிருந்து வரவேண்டுவதில்லை. இராமாநுசர் பெரிதும் போற்றிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் இப்பூவிருந்தவல்லியே. இங்கே நந்தவனம் வைத்து, மலர் பறித்து, மாலை தொடுத்து, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு நடந்தே கொண்டு சென்றார் என்பது மரபு. வழியோ ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நாள்தோறும் நடந்தார் என்பதை அப்படியே கொள்வாரும் உளர், ஐயுறுவாரும் உளர், அவ்வழக்கு நமக்கு வேண்டா. அங்கே அவர் செய்தது ஆலவட்டம் வீசும் கைங்கரியம். விசிறி வீசுதலினும் எளிய வேலை யாது? நேற்று வீசியதையே இன்றும் வீச வேண்டும், புதுமை ஒன்றுமில்லை. அவ்வாறு வீசிக்கொண்டிருந்தவரிடமே பெருமாள் வாய்திறந்து பேசினார் என்று பெரியோர் கூறுவர். கை மட்டும் அங்கிருந்து, மனம் வேறிடத்திருந்தால் அந்த வார்த்தை அவர் செவிக்கு எட்டியிருக்குமா? அவர் செய்தது ஆசனமன்று; தொண்டு. ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

பதஞ்சலி முனிவரும், அப்பியாசம் வேரூன்ற நெடுங்காலம், இடையறாமை, சிரத்தை ஆகிய மூன்றும் வேண்டுமென்றார். நாம் முதலிரண்டுக்கே தடுமாறுகிறோம். மூன்றாவதை நினைப்பதே இல்லை. மைசூரில் 1933 முதல் அரண்மனை யோகசாலையை நடத்திப் பின்னர் சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த கிருஷ்ணமாசாரியார், ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைத்துக் கற்பித்தார். கையை உயர்த்தும்போது மூச்சு உள்ளே, தாழ்த்தும்போது வெளியே. மூச்சைக் கவனிப்பவனுக்குக் கடைக்கணக்கைக் கவனிக்க இடமேது? மாணாக்கரின் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்பவே பயிற்சியையும் அவர் அமைத்தார். ஆகையால் இரத்த அழுத்தமுள்ள முதியோர் இளைஞரைக் கண்டு சிரசாசனத்துக்கு முயல வேண்டா. வைத்தியரைக் கேட்டுத் தமக்கு ஏற்றதைச் செய்வார்களாக. ஒருநாள் ஒருமணி செய்து ஒருவாரம் ஓய்வதினும், நாள்தோறும் கால்மணி செய்வதே மேல்.

இன்னுமொன்று, சிலருக்குக் கசப்பாயிருக்கும். சகோதரிகள் ஏன் தொடர்ந்து வருவதில்லை என்று வினவுகிறோம். விடியற்காலையில் அவர்கள் அடுப்படியிலிருக்க, நாம் இங்கே கண்மூடிப் பிராணாயாமம் செய்கிறோம். அந்த அரைமணிக்கு ஆடவர் முறைவைத்து அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். பால் பொங்கி வழியாமல் காப்பதற்கும் மனவூன்றுதல் வேண்டுமன்றோ?

வரும் தைத் திங்கள் முதல் நாளிலிருந்து மண்டபம் காலை ஐந்தரை மணிக்குத் திறக்கப்படும். சகோதரிகளுக்கு ஆறரைக்கு இரண்டாம் வகுப்பும் உண்டு. பாய் அவரவர் கொண்டுவர வேண்டும். கைப்பேசிகளை வைக்க வாயிலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். முதலில் நம்முடையதை அதில் இடுவோம்.