மெல்ல வரும் இணையமும் லினக்ஸும்



தோட்டம் போட நினைக்கும் உழவன் முதலில் கிணற்றை எட்டிப் பார்க்கிறான். ஒரு நாளில் எவ்வளவு நீர் ஊறும் என்று அறிந்த பின்னரே எத்தனை பாத்தி கட்டலாம் என்று முடிவு செய்கிறான். தம் கணினியில் லினக்ஸ் நிறுவ விரும்பும் இளைஞர் பலர் இம்முறையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். "எது சிறந்த லினக்ஸ், ஐயா?" என்று என்னிடம் கேட்கின்றனர், தம் வீட்டு இணையம் எவ்வளவு தரும் என்று கணக்கிடுவதில்லை. திரையின் அழகைக் கண்டு ஒன்றைத் தேர்கின்றனர்; இரவெல்லாம் இறக்கியது விடியற்காலையில் அறுந்துபோனதும், லினக்ஸே நமக்கு ஆகாது என்று ஒதுக்கி விடுகின்றனர். இன்று நான் பேச வந்தது அந்தக் கணக்கைப் பற்றியே.

லினக்ஸ் என்பது உண்மையில் ஓர் இயங்குதளத்தின் நடுப்பகுதி மட்டுமே ஆகும். கெர்னல் என்று அதனைக் கூறுவர். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் அதனை எழுதி வெளியிட்டார். அதற்கு எட்டாண்டு முன்னரே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டம் வேறு பல கருவிகளை ஆக்கிக்கொண்டிருந்தது. இவ்விரண்டையும், சாளரங்கள், உலாவி, எழுதும் செயலி முதலியவற்றையும் ஒன்றாகத் தொகுத்து, எளிதில் நிறுவுமாறு தருவதே 'வழங்கல்' எனப்படும். டிஸ்ட்ரோ என்று நீங்கள் செல்லமாகச் சொல்வது இதனைத்தான். அரிசியும் பருப்பும் எல்லா வீட்டிலும் ஒன்றே; சமையல்தான் வீட்டுக்கு வீடு வேறு. 1993இல் பிறந்த ஸ்லாக்வேரும் டெபியனும் இவற்றுள் மூத்தவை. இரண்டும் இன்றும் வாழ்கின்றன.

மெதுவான இணைப்பு இன்று தோன்றிய தொல்லை அன்று. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில், 56 கிலோபிட் மோடம் மிக நன்றாக உழைத்தாலும் நொடிக்கு 7 கிலோபைட்டே தரும். 700 மெகாபைட் கொண்ட ஒரு குறுந்தகட்டை அவ்வழியே இறக்க ஏறத்தாழ 28 மணி நேரம் வேண்டும். எனவே அந்நாளில் லினக்ஸ் பெரும்பாலும் தகடாகவே பயணம் செய்தது. கணினி இதழ்களோடு இலவசத் தகடுகள் வந்தன. 2004இல் உபுண்டு வெளிவந்தபோது, அதனை ஆக்கிய கனானிக்கல் நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் அஞ்சலிலேயே தகடு அனுப்பியது, அஞ்சற்செலவும் வாங்கவில்லை. அந்த ஏற்பாடு 2011இல் நின்றுவிட்டது. உலகம் முழுவதும் விரைந்த இணையம் வந்துவிட்டது என்று எண்ணினார்கள் போலும்! நம் சிற்றூர்களை யாரும் கேட்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். இணைய நிறுவனங்கள் வேகத்தை 'பிட்' அளவில் கூறும். கோப்பின் அளவோ 'பைட்' கணக்கில் இருக்கும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 2 மெகாபிட் இணைப்பு நொடிக்கு 250 கிலோபைட்டே தரும். ஒரு ஜிகாபைட் இறங்க 4,000 நொடி, அதாவது ஒரு மணியும் ஏழு நிமிடமும் ஆகும். உபுண்டு 24.04 மேசைக்கணினிப் பதிப்பு ஏறத்தாழ 6 ஜிகாபைட். அதற்கு ஆறரை மணிக்கு மேல் வேண்டும். கைப்பேசித் திட்டங்களில் அன்றாட அளவு தீர்ந்தபின் வேகம் 64 கிலோபிட்டாகச் சுருங்கிவிடுவது உண்டு. அந்த வேகத்தில் 3 ஜிகாபைட் இறக்க நான்கு நாளுக்கு மேல் ஆகும். இதனை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பின்னரே எந்த வழங்கல் என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

அப்படியானால் மிகச் சிறிய கோப்பாகத் தேர்ந்தெடுத்தால் போதுமே என்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். டெபியன் 'நெட்இன்ஸ்ட்' என்றொரு சிறிய பதிப்பைத் தருகிறது. அது ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவு. ஆனால் அதில் இருப்பது அடித்தளம் மட்டுமே. சாளரங்களும் உலாவியும் பிறவும் நிறுவும்போதுதான் இணையத்திலிருந்து இறங்கும். இதில் ஒரு நன்மை உண்டு. வேண்டியது மட்டுமே வரும். வருவதும் அன்றைய புதிய பதிப்பாகவே வரும். எனவே மொத்த இறக்கம் குறையும். மெதுவாயினும் அறாத இணைப்பும், ஒரே ஒரு கணினியும் உடையவர்க்கு இதனைவிடச் சிறந்த வழி இல்லை. இணைப்பு அடிக்கடி அறுமாயினும், மின்சாரம் போய்ப்போய் வருமாயினும், கணினிகள் பலவாயினும் கணக்கு மாறிவிடும். அப்போது முழுப் பதிப்பே மேல். அதனை ஒருமுறை இறக்கினால் போதும். இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எத்தனை கணினியிலும் இணையமின்றி நிறுவலாம்.

தேர்வில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நிறுவுவது ஒருநாள் செலவு. அதன்பின் வரும் மேம்படுத்தல்கள் மாதச் செலவு. ஆர்ச் லினக்ஸ் போன்றவை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் இயல்பின. அறிவுக்கு விருந்துதான், மெல்லிய இணைப்புக்கோ அது தாங்காத விருந்து. டெபியனின் நிலைப்பதிப்பு, உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பு, அதன்மேல் எழுந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை பாதுகாப்புத் திருத்தங்களையே பெரும்பாலும் கேட்கும். நம் போன்றோர்க்கு இவையே ஏற்றவை என்பது என் முடிவு.

நான் ஓய்வு பெற்றபின் வாரம் இருமுறை செல்லும் சிற்றூர் நூலகம் ஒன்றில் ஆறு கணினிகள் உண்டு. யாரோ நன்கொடையாய்க் கொடுத்தவை. பன்னிரண்டு ஆண்டுப் பழையவை. ஒவ்வொன்றிலும் நினைவகம் 4 ஜிகாபைட். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 இவற்றின் பழைய செயலியை ஏற்காது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகள் உதவித்தொகை விண்ணப்பம் எழுத ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்துக்குச் செல்கின்றனர். கடையில் காசு கொடுத்து, யாரோ விரைந்து தட்டச்சிட, பெயரில் ஓர் எழுத்துப் பிழை விழுந்தாலும் அந்த ஆண்டு உதவித்தொகை போயிற்று. கல்லூரியில் சேர்ந்த பெண்ணொருத்தி அப்படி ஒரு பிழையால் ஒரு பருவம் படிப்பை நிறுத்த நேர்ந்ததை நான் அறிவேன்.

அங்கே இணையம் என்பது நூலகரின் கைப்பேசி தரும் நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட். நாங்கள் தேர்ந்தது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. அந்தச் சாளரத்தொகுதி எளியது. 4 ஜிகாபைட் நினைவகத்தில் இடரின்றி ஓடும். கோப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட். நகரத்துக் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர் அதனை அங்கேயே இறக்கி, பென் டிரைவில் பேருந்தில் கொண்டு வந்தார்.

பிறர் கொண்டுவந்த கோப்பை எப்படி நம்புவது? இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வழங்கலும் தன் கோப்புக்கு உரிய ஷா-256 என்னும் சரிபார்ப்பெண்ணைத் தன் தளத்தில் வெளியிடும். அது 64 எழுத்துக் கொண்ட ஒரு கைரேகை. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். மூன்று ஜிகாபைட் கோப்பு பேருந்தில் வரலாம். இந்த 64 எழுத்து மட்டும் நம் மெல்லிய இணையத்தில் வந்தால் போதும். மாணவர் கொண்டுவந்த கோப்பைச் சோதித்தோம், எண் பொருந்தவில்லை. இறக்கம் இடையில் அறுந்து, கோப்பு குறைபட்டிருந்தது. சோதிக்காமல் நிறுவியிருந்தால் பாதியில் நின்று, கணினி கெட்டது என்ற பழி வந்திருக்கும். மறுவாரம் அவர் கொண்டுவந்தது பொருந்திற்று. இறக்கும்போது டபிள்யூகெட் கட்டளையோடு 'சி' என்ற குறியைச் சேர்த்தால் அறுந்த இடத்திலிருந்து தொடரும். டோரன்ட் வழியோ ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

நிறுவும் வேலை எளிதே. ரூஃபஸ் போன்ற செயலியால் கோப்பைப் பென் டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்தால் பயனில்லை. கணினியைத் தொடங்கும்போது எஃப் 12 அல்லது அதுபோன்ற விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தால், வட்டைத் தொடாமலே லினக்ஸ் திரையில் வரும். இந்நிலையில் அரைமணி நேரம் செலவிடுங்கள். வைஃபை வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி தெரிகிறதா என்று பாருங்கள். முன்னாளில் வைஃபைக்கு வேண்டிய சில நுண்மென்பொருள்கள் டெபியனின் முறையான தகட்டில் இருப்பதில்லை. இணையம் பெறவே இணையம் வேண்டும் என்ற விந்தை நிலை! 2023இல் வந்த டெபியன் 12 முதல் அவற்றையும் சேர்த்தே தருகின்றனர். எல்லாம் சரியெனக் கண்டபின் பழைய கோப்புகளுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டு நிறுவுங்கள். வட்டை முழுதும் அழித்து நிறுவும் தேர்வில் சொடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

நிறுவும்போது இணையத்தைத் துண்டித்தே வைத்தோம். பின்னர் ஒரு கணினியை மட்டும் இணைத்து, ஆப்ட்-கெட் கட்டளையால் இரண்டு நாளில் மேம்படுத்தினோம். இறங்கிய பொதிகள் அக்கணினியின் ஆர்க்கைவ்ஸ் என்ற கோப்புறையில் தங்கியிருக்கும். அவற்றை மற்ற ஐந்திலும் நகலெடுத்து வைத்துவிட்டுக் கட்டளை இட்டால், பொதிப் பட்டியல் மட்டுமே இணையத்திலிருந்து வரும். பொதிகள் மீண்டும் இறங்கா. கணினிகள் ஒரே வலையில் இருப்பின், ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் செயலியை ஒன்றில் நிறுவினால் இவ்வேலையைத் தானே செய்யும். தமிழ் எழுத ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியையும், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தோம்.

சென்ற மாதம் பக்கத்தூர் நூலகத்தார் வந்து எங்கள் பென் டிரைவைக் கேட்டனர். மின்ட் கோப்பையும் திரட்டிய பொதிகளையும் அதிலேயே கொடுத்தனுப்பினோம். சரிபார்ப்பெண்ணை மட்டும் நான் எழுதித் தரவில்லை. அதனைத் தங்கள் கைப்பேசியிலேயே மூலத் தளத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.