பட்டம் வேறு, பதிவு வேறு
(சங்க விழாவின் மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



இங்கு அமர்ந்திருக்கும் பிசியோதெரபி மாணவர்களுள் மூவர், மேற்படிப்புக்காகப் பிரிட்டன் செல்ல எண்ணியிருப்பதாகக் கூறினார்கள். அவர்தம் பெற்றோருக்கும் சேர்த்தே பேசுகிறேன். கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவோர் அவர்களல்லவா?

பல ஆண்டுகளுக்கு முன், பி.பி.டி. முடித்த கையோடு, குடும்ப நிலத்தை அடகு வைத்து ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க நானும் அந்நாடு சென்றேன். "படிப்பு முடிந்தால் வேலை உறுதி" என்றார் முகவர். பட்டம் பெற்ற மறுவாரம் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பித்தபோது, பதிவு எண் என்னவென்று கேட்டிருந்தார்கள். அப்படியொன்று வேண்டும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதனைப் பெறும்வரை எட்டு மாதங்கள் ஒரு பண்டகசாலையில் பெட்டிகள் அடுக்கினேன். என் தந்தையார் மாதந்தோறும் வட்டி கட்டினார்.

அங்கே 'பிசியோதெரபிஸ்ட்' என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். எச்.சி.பி.சி. எனும் மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெறாதவர் அப்பெயரால் தொழில் செய்வது குற்றம். சி.எஸ்.பி. என்பது 1894-இல் தோன்றிய தொழிலாளர் சங்கமும் கல்விக் கழகமுமாகிய அமைப்பு. அதில் உறுப்பினராவது பதிவுக்கு ஈடாகாது.

அங்குள்ள முதுநிலைப் படிப்புகள் இருவகை. இரண்டாண்டுப் படிப்பு, பெரும்பாலும் வேறு அறிவியல் பட்டம் பெற்றவர்களைப் பிசியோதெரபிஸ்ட் ஆக்குவதற்கானது. மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய அதனை முடித்தவர் பதிவுக்குத் தகுதி பெறுவர். நம் பிள்ளைகள் பெரிதும் சேர்வது ஓராண்டுப் படிப்பில். விளையாட்டுக் காயம், நரம்பியல் என அது அறிவை ஆழப்படுத்தும், பதிவைத் தராது. இரண்டின் பெயர்களும் ஒன்றுபோலவே இருப்பதால் விளம்பரத் தாளைப் பார்த்து ஏமாறுவது எளிது. "இப்படிப்பு எச்.சி.பி.சி. ஏற்பு பெற்றதா?" என்று பல்கலைக்கழகத்தையே எழுத்தில் கேளுங்கள். முகவரிடம் கேட்க வேண்டாம்.

அப்படியானால் பி.பி.டி. படித்தவருக்குப் பதிவு எப்படிக் கிடைக்கும்? அந்த பி.பி.டி.யைக் கொண்டேதான். அயல்நாட்டு விண்ணப்பதாரருக்கென்று தனி வழி உண்டு, இங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். நீங்கள் படித்த பாடங்களையும் நோயாளிகளிடம் பெற்ற பயிற்சியையும் தம் தகுதிநிலைகளோடு அவர்கள் ஒப்பிடுவர். குறை தென்பட்டால், பணி அனுபவமும் கணக்கில் கொள்ளப்படும். ஆங்கிலத்திற்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வெனில் மொத்தம் 7, எப்பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும்.

என்னை அலைக்கழித்தவை தாள்களே. நான் படித்த ஆண்டின் விரிவான பாடத்திட்டமும், பயிற்சி நேரங்களைத் துறைவாரியாகக் காட்டும் சான்றும் கல்லூரியிலிருந்து வரவேண்டியிருந்தன. கடல் கடந்து இருந்துகொண்டு அவற்றைக் கேட்டால் யார் தேடித் தருவார்? ஆகவே இறுதியாண்டிலேயே வாங்கி வையுங்கள். எலும்பு மூட்டு, நரம்பு, இதயம்-நுரையீரல் என ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மணி நேரம் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். முதலில் பதிவு, பிறகு ஓராண்டிரண்டு பணி, அதன்பின் எம்.எஸ்சி. என்ற வரிசையே என் பரிந்துரை. தம்பிமார் சிலருக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது.

ஆஸ்திரேலியா செல்வோர்க்கு வழி வேறு. அங்குள்ள பிசியோதெரபி கவுன்சிலின் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு.

பொழுது சாய்வதற்குள் உணவு முடியவேண்டும். என் பழைய விண்ணப்பத்தின் படிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். பந்திக்குப் பின் அலுவலக அறையில் இருப்பேன். பல்கலைக்கழக விளம்பரத் தாள் வைத்திருப்போர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.