தாளம் ஊருக்குள்ள போயிருச்சு, அடிச்சவங்க?

(தருமபுரியில் மாணவர்கள் கூட்டிய கலந்துரையாடலில் பேசியது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ரேவ், டெக்னோ, ஹவுஸ் என்றெல்லாம் சொல்லப்படுகிற மின்னணு நடன இசை மய்ய நீரோட்டத்துக்கு வந்துவிட்டதா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பாலக்கோட்டிலும் அரூரிலும் இருக்கிற நமக்கு இதுல என்ன வேலைன்னு சிலர் கேட்டீங்க. வேலை இருக்கு. மாரியம்மன் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம், எதுவானாலும் இன்றைக்கு முன்னால் போவது டிஜே செட்டுதான். வண்டி நிறைய பாக்ஸ், சுழலும் விளக்கு, வயித்துக்குள்ள இடிக்கிற சத்தம். அந்த இடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம்ம வரலாற்றுக்குப் பக்கத்துத் தெரு.

சிகாகோவில் 1977இல் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் தொடங்கினார்கள். பிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பர் அங்கே இசைத்தட்டு சுழற்றினார். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஒருபால் ஈர்ப்பு கொண்டவர்கள். வேறு எங்கேயும் கதவு திறக்காதவர்கள். அந்த வேர்ஹவுஸ் என்ற பேரிலிருந்து வந்ததுதான் ஹவுஸ் என்ற பேர். அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 அன்று, ஒரு பேஸ்பால் மைதானத்தில் சுமார் 50,000 பேர் கூடியிருக்க, டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கோபம் தட்டு மேலயா, தட்டுக்கு ஆடினவங்க மேலயா? நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டெட்ராய்ட் பக்கத்தில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பு இளைஞர்கள் டெக்னோவை உருவாக்கினார்கள். கருவி எங்கிருந்து வந்தது? ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனி 1981இல் டிபி-303 என்ற ஒரு பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேஸ் கிட்டார் வாசிப்பவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்றது. சத்தம் கிட்டார் மாதிரி இல்லை, யாரும் வாங்கவில்லை. 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைக்குப் போன அந்தப் பெட்டியைச் சல்லிசாக வாங்கி, திருகக் கூடாத அளவுக்குத் திருகி, 1987இல் பியூச்சர் என்ற சிகாகோ குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது. உலகம் ஆடியது.

பறை எப்படி வந்தது? செத்த மாட்டை இழுத்துப் போடுவது நம்ம மேல சுமத்தின வேலை. அந்தத் தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வைக்கோல் நெருப்பில் காய்ச்சி, அடிக்குச்சி ஒரு கையில், சுண்டுக்குச்சி ஒரு கையில். அடுத்தவன் தூக்கிப் போட்டதை எடுத்து இசையாக்கியவன் சிகாகோவிலும் இருக்கிறான், சேரியிலும் இருக்கிறான்.

சரி, மய்ய நீரோட்டத்துக்கு எப்படிப் போனது? இங்கிலாந்தில் இளைஞர்கள் வயல்வெளியில், பாழடைந்த கிடங்குகளில் விடிய விடிய ஆடினார்கள். 1994இல் அரசு சட்டம் போட்டது. திறந்தவெளியில் ராத்திரி 100 பேரோ அதற்கு மேலோ கூடி ஒலிபெருக்கி வைத்து ஆடினால் காவல்துறை கலைக்கலாம் என்றது அந்தச் சட்டம். திரும்பத் திரும்ப வரும் தாளம் என்று இசையையே சட்டத்தில் வரையறுத்தார்கள். உரிமம் வாங்கி, டிக்கெட் போட்ட கிளப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காசில்லாத ஆட்டம் குற்றம், காசுள்ள ஆட்டம் கலாச்சாரம். 2007இல் கோவாவில் சன்பர்ன் திருவிழா வந்தது. 2024இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தன் நகரத்தைத்தானே சேர்ப்பான் என்பீர்கள். சரிதான். ஆனா டெக்னோன்னா டெட்ராய்ட் கறுப்பர் முகம் எத்தனை பேருக்கு ஞாபகம் வருது?

இங்கே வாருங்கள். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் மூதாதையரின் கதையை அறிவு எழுதிப் பாடினார். டிஜே ஸ்னேக் என்ற பிரெஞ்சு இசைக்காரர் அதை ரீமிக்ஸ் செய்தார். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டை போட்டது. பாட்டு பேசப்பட்டது, அட்டையில் அறிவு இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் ஒரு பதக்கம் ஊர்ப் பொதுத்தெருவின் பழக்கத்தை மாற்றாது.

ஆடுகளத்தில் எல்லாரும் ஒன்று என்பது ரேவ்காரர்களின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் இது 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்ததைப் பார்த்த மாவட்டம். ஒரே குத்துப் பாட்டைத்தான் ஊரும் கேட்டது, சேரியும் கேட்டது. ஒரே தாளத்துக்குக் கால் போடுறதால சாதி போயிடாது.

வங்கிக் கவுண்டரில் கடன் விண்ணப்பம் வாங்கிச் சரிபார்ப்பவன் நான். பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர் வாங்கக் கடன் கேட்டு நம்ம தெருப் பிள்ளைங்க வருகிறார்கள். தொழில் என்ற கட்டத்தில் 'சவுண்டு சர்வீஸ், சுயதொழில்' என்று எழுதுகிறார்கள். அவங்க அப்பாக்கள் வாழ்நாளெல்லாம் பறை அடித்தவர்கள். அதே கட்டத்தில் அவர்கள் எழுதுவது 'கூலி'. கலை என்று ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை சுயதொழில் என்று எழுதுவதை நான் சின்ன விசயமா நினைக்கல. அவனுக்கு ரேட்டு உண்டு, முன்பணம் உண்டு, தேதி ஒத்துவரலைன்னா வர முடியாதுங்கலாம். அவங்கப்பாவால் அப்படிச் சொல்ல முடியாது. பல ஊர்களில் இன்றைக்கும் கல்யாணத்துக்கு டிஜே, சாவுக்குப் பறை. கல்யாணத்துக்குப் பணம் பேசுவார்கள். சாவுக்கு ஆள் அனுப்புவார்கள், "வரச் சொல்லு" என்று.

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நம்ம சனங்க சொன்ன ஊர்களில் வேலையை நிறுத்தினார்கள், தண்ணீரை நிறுத்தினார்கள், அடித்தார்கள். பறையை எரிப்பதா, எடுப்பதா என்று இயக்கத்துக்குள் எவ்வளவு விவாதம்! இரண்டு பக்கமும் பேசியது ஒன்றைத்தான்: அடிக்கிறதும் அடிக்காததும் என் இஷ்டம்.

ஆகவே மய்ய நீரோட்டத்துக்கு வந்ததா என்ற கேள்வியை நான் மூன்றாக உடைக்கிறேன். யார் பேர் போடுறாங்க? யாருக்குக் காசு போகுது? முடியாதுன்னு சொல்ல யாருக்கு உரிமை இருக்கு? முதல் இரண்டைச் சிகாகோக்காரனும் கேட்பான். மூன்றாவது நம்ம கேள்வி. மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை மய்யத்துக்குப் போனது சத்தம் மட்டும்தான்.

டிஜே செட்டு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வாங்குங்க, கடன் விண்ணப்பத்தை நானே நிரப்பித் தர்றேன். ஏப்ரல் 14 வருது. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எல்லாத் தெருவிலும் செட்டு போடுவீங்க. பக்கத்துல பறையும் நிக்கட்டும். பெரியவங்க கிட்ட இருக்கிற அடிகளை போன்லயாவது பதிவு பண்ணுங்க, யார் அடிச்சதுன்னு பேரோட. நோட்டீசில் டிஜே பேர் போடுற அதே அளவு எழுத்தில் அவங்க பேரையும் போடுங்க. தொகையை முன்னாடியே பேசுங்க. வர முடியாதுன்னு ஒருத்தர் சொன்னா, ஏன்னு கேக்காதீங்க.